உம்ராவுக்குப் போகும்போது சின்னவன் யாரிடம்?

மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக சூட்கேஸ் வாங்கியாச்சு, அங்கே உடுத்தும் இஹ்ராம் துணி வாங்கியாச்சு, பயணக் காசும் கட்டியாச்சு. அப்புறம்தான் கிளினிக்கில் கேட்பார்கள்: "மிஸ், சின்னவனைக் கூட்டிக்கொண்டு போறதா, விட்டுட்டுப் போறதா?" வவுனியா செட்டிகுளம் பக்கத்தில் தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தராக இருக்கும் எனக்கு டிசம்பர் விடுமுறை நெருங்கினாலே இந்தக் கேள்வி வந்துவிடும். காசு கட்ட முன்னமே கேட்க வேண்டிய கேள்வி இது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் இளையவர்கள் ஊர் திரும்பினாலும், உம்மம்மாமார் (உம்மாவின் உம்மாமார்) பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடுவார்கள், இல்லாவிட்டால் உம்மம்மா இங்கே வந்து நிற்பார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பிள்ளையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

ஒருமுறை அப்படி வந்து நின்ற உம்மம்மாவின் மடியில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். "இதுக்கு முதல் வலிப்பு வந்திருக்கா?" என்று டொக்டர் கேட்டார். உம்மம்மாவுக்குத் தெரியாது. பிள்ளையின் வருத்தம், ஊசி எல்லாம் எழுதிவைக்கும் கிளினிக் கொப்பி அலுமாரிக்குள். அலுமாரிச் சாவி உம்மாவின் கைப்பையில், மக்காவில். போன் எடுபடவில்லை. அந்த மனுஷி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பிள்ளை சுகமாகிவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து எல்லாத் தாய்மாரிடமும் சொல்கிறேன்: கொப்பியை உம்மம்மாவின் கையில் கொடுங்கள், முன்பு வந்த வருத்தம், ஒவ்வாத மருந்து, இழுப்புக்குப் பம்ப் (இன்ஹேலர்) பிடிக்கும் முறை எல்லாவற்றையும் வாயாலும் சொல்லுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே இரண்டு மூன்று இரவு நீங்கள் இல்லாமல் பிள்ளையை அவரோடு தூங்கவிட்டுப் பாருங்கள்.

தாய்ப்பாலை நம்பியிருக்கும் குழந்தையை விட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. உம்ராவை வருடத்தில் எந்த மாதத்திலும் செய்யலாமே. ஹஜ் வேறு, அதற்கு வருடத்தில் குறித்த நாட்கள்தான். 2025இல் பிள்ளைகளை ஹஜ்ஜுக்குக் கூட்டிவர சவூதி அரசு அனுமதிக்கவில்லை. அதனால் ஹஜ்ஜுக்குப் போக நிய்யத் (எண்ணம்) வைத்திருப்பவர்கள் வாரக்கணக்கில் பிள்ளையைப் பார்க்கக்கூடிய ஆளை முதலில் தேடுங்கள்.

கூட்டிக்கொண்டு போகிறீர்களா? மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரம் வளாகத்தில் பிள்ளைகளைச் சில மணி நேரம் பார்த்துக்கொள்ளும் நிலையங்கள் இருக்கின்றன. வயது, நேரம், கட்டணம் எல்லாம் உங்கள் குழுத் தலைவரிடம் முன்னமே கேளுங்கள். ஆனால் தமிழ் மட்டுமே தெரிந்த நம் பிள்ளை "தண்ணி" என்று கேட்டால் அங்கே யாருக்கு விளங்கும்? அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கணவனும் மனைவியும் முறை வைப்பதுதான் என் அனுபவத்தில் சரிவந்தது. கஃபாவைச் சுற்றும் தவாஃப் ஏழு சுற்று, ஸஃபா மர்வா குன்றுகளுக்கிடையே ஸயீ ஏழு ஓட்டம், வாப்பா முடித்து வரும்வரை உம்மா அறையில் பிள்ளையோடு, அப்புறம் மாறிக்கொள்வது. சேர்ந்து செய்ய ஆசை இருக்கும், விளங்குகிறது. அதற்காகச் சாச்சியையோ ராத்தாவையோ கூட்டிப் போனால் அவருக்கும் முறை போடுங்கள். பிள்ளைக்குக் கழுவித் துடைத்தே நாள் போய்விட்டது என்று ஒரு சாச்சி என்னிடம் சொல்லிக் கலங்கினார். அவரும் இபாதத்துக்குத்தானே (வணக்கத்துக்குத்தானே) போனவர்.

ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கும் மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைடிஸ்) தடுப்பூசி வேண்டும், அங்கே போய்ச் சேர 10 நாளைக்கு முன்னராவது போட்டிருக்க வேண்டும். 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா ஊசி) தவறியிருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பைக்கற் நாலைந்தைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். பிள்ளையின் கையில் கட்டும் பட்டியில் அங்கே வேலை செய்யும் போன் இலக்கத்தை எழுதுங்கள்.

வீட்டில் விட்டுப் போகிறவர்கள் வீடியோ கோல் எடுக்கும் நேரத்தையும் பேசி வையுங்கள். மக்கா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு இஷா தொழுதுவிட்டு எடுத்தால் பிள்ளை தூங்கியிருக்கும், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுங்கள்.