மாசி முடியுமுன் வலையையும் படகையும் பிரித்துப் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் இலங்கையின் மலையக நீர்த்தேக்கங்களில் மீன்பிடி மந்தமாகிவிடும். திலாப்பியா வெப்பநாட்டு மீன். தண்ணீர் குளிரக் குளிர இரை எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 16, 17 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் இரையை ஏறக்குறைய விட்டேவிடும். மாசி வெயில் ஏறியதும் காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்களின் கரையோரங்களில் மீன் மறுபடி மேயத் தொடங்கும். அதைக் கண்டதும் மூலையில் கிடந்த வலையைத் தூக்கிக்கொண்டு, கவிழ்த்து வைத்த படகை நிமிர்த்தி, அன்றைக்கே இறங்குகிறவர்கள் பலர். தயவுசெய்து ஒரு வாரம் பொறுங்கள். இரண்டு மாதம் கிடப்பில் இருந்த பொருள், நீங்கள் வைத்தபடியே இருக்காது.

முதலில் வலை. நிழலில் நீளமாக விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிப் பாருங்கள். எலி கடித்த இடம் கண்ணுக்குத் தெரியும். வெயில் தின்ற நூல் தெரியாது. ஐந்தாறு இடங்களில் ஒற்றை நூலை இரு கையிலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். முடிச்சுக்குப் பக்கத்தில் சுலபமாக அறுந்தால் நைலான் பொடிந்துவிட்டது. அந்தத் துண்டைப் பொத்துவதில் பயனில்லை. கயிறு, மிதவை, ஈயத்தைக் கழற்றிக்கொண்டு புதுத் துண்டு மாட்டுங்கள்.

நூல் நல்லதாக இருந்து கிழிசல் மட்டும் இருந்தால், ஓரத்தை வெட்டிச் சீராக்கிய பின்பே ஊசியை எடுங்கள். முடிச்சிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நூலும் ஒரு கால். மூன்று கால் மிஞ்சிய முடிச்சில் தொடங்கி, மூன்று கால் மிஞ்சிய முடிச்சிலேயே முடிக்க வேண்டும். இடையில் வரும் முடிச்சுகளுக்கு இரண்டு கால்தான் இருக்க வேண்டும். இது பிசகினால் பொத்திய இடம் சுருங்கிப் பை போலத் தொங்கும். அங்கே மீன் செருகாது. வலைக் கண்ணின், அதாவது நூல்களுக்கு நடுவே உள்ள ஓட்டையின், அளவு மாறாமலிருக்க, பாதிக் கண் அகலத்துக்கு ஒரு மட்டக்குச்சி செதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். 8.5 சென்டிமீட்டர் கண்ணுக்கு 4.25 சென்டிமீட்டர் அகலம். முடிச்சு இறுகும்போது கொஞ்சம் குறையும் என்பதால் 4.5 வைப்பதே நல்லது.

அந்த 8.5 சென்டிமீட்டர், உள்நாட்டு நீர்நிலைகளில் செவுள் வலைக்கு (மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும் வலை) சட்டம் வைத்திருக்கும் எல்லை. நனைந்த வலையில் பத்துக் கண்களை வரிசையாக இழுத்துப் பிடித்து அளந்தால் 85 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு கண்ணை மட்டும் அளந்தால் கை ஏமாற்றிவிடும். தங்கூசி வலை (ஒற்றை இழை நைலான் வலை) எந்தக் கண்ணளவிலும் தடைதான். படகின் பதிவும் மீன்பிடி அனுமதிப்பத்திரமும் காலாவதியாகியிருந்தால் இந்த வாரத்திலேயே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பைபர் படகு. ஒரு நாணயத்தால் அடிப்பாகம் முழுவதும் தட்டுங்கள். 'டக் டக்' என்று வந்துகொண்டிருந்த சத்தம் எங்கே 'தொம்' என்று மாறுகிறதோ, அங்கே பைபர் அடுக்குப் பிரிந்திருக்கிறது அல்லது ஈரம் ஏறியிருக்கிறது. விரிசலைச் சுற்றி மூன்று அங்குலம் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு, அசிட்டோனால் துடைத்த பிறகே றெசின் (பைபரை ஒட்டி இறுகும் பசை) பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் முதல் மாதத்திலேயே தோல் உரிவதுபோல் உரியும்.

கீழ்நாட்டில் வராத சிக்கல் ஒன்று மலையில் உண்டு. காலைக் குளிரில் றெசின் இறுகாது. இறுகவில்லையே என்று ஹார்ட்னரை, அதாவது றெசினை இறுக வைக்கும் திரவத்தை, கூடக் கூட ஊற்றினால், கோப்பையிலேயே கொதித்துப் புகையும். இறுகிய பின் பிஸ்கட் போல நொறுங்கும். 500 கிராம் றெசினுக்கு 5 முதல் 10 மில்லிலீட்டர், அதாவது ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி ஹார்ட்னர் போதும். குளிருக்குப் பரிகாரம் நேரத்தைத் தள்ளுவதுதான்: காலை பத்து மணிக்கு மேல், வெயில் விழும் இடத்தில் தொடங்கி, பிற்பகல் மூடுபனி இறங்குமுன் முடித்துவிடுங்கள். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் தனியாக வாங்கியிருந்தால் அதை முதலில் றெசினில் கலக்கி, பிறகே ஹார்ட்னரைச் சேருங்கள். கோபால்டும் ஹார்ட்னரும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கும். ஹார்ட்னர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். தெறித்துவிட்டால் தேய்க்காமல், குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

பக்க மிதவையைக் கட்டியிருக்கும் கயிறு வெளியே நன்றாகத் தெரிந்தாலும், அவிழ்த்து முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே தூள் கொட்டினால் மாற்றுங்கள்.

மாசியிலிருந்து சித்திரை வரை தண்ணீர் வற்றிக்கொண்டே போகும். 1969இல் மவுஸ்ஸாகலை அணை வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. நீர் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் அங்கிருந்த கோயிலின் எச்சங்கள் வெளியே தெரியும். தெரிகிற சுவரில் யாரும் மோதுவதில்லை. ஓரடி தண்ணீருக்குள் நிற்கும் சுவரும் மரக்கட்டையும்தான் வலையைப் பிடித்துக்கொள்ளும். போன பருவத்தில் பழகிய தடத்தை நம்பாமல், பகலில் ஒருமுறை மெதுவாகத் துடுப்புப் போட்டுச் சுற்றிப் பார்த்து, தட்டுப்படும் இடங்களில் மிதவைக் குறி போடுங்கள். வலை சிக்கினால் ஒருபோதும் தண்ணீரில் குதிக்காதீர்கள். கரையோரச் சேற்றிலும் கோலால் குத்திப் பார்த்தே காலை வையுங்கள். மேலே காய்ந்த பாளம், கீழே இடுப்பளவு சகதி.

குளிருக்காக இரண்டு சுவெட்டர், மழைக்கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு படகேறுவது மலையகத்தில் வழக்கம். விழுந்தால் பூட்ஸில் தண்ணீர் ஏறும், நனைந்த கம்பளி கையை அசைக்க விடாது. நீச்சல் தெரிந்தவரும் தடுமாறுவார். படகில் வெறுங்காலோ செருப்போ போதும். உயிர்காப்பு அங்கியின் நுரையை விரலால் அழுத்தி விடுங்கள். பள்ளம் எழும்பாவிட்டால் அந்த அங்கி இனி உதவாது. அங்கியில் ஒரு விசில் கட்டுங்கள்: மூடுபனியில் விளக்கு தெரியாது, சத்தம் கேட்கும். தொலைபேசியை இரட்டைப் பொலித்தீன் பையில் முடிந்து வைத்து, 119 (பொலிஸ்), 1990 (அம்புலன்ஸ்) இரண்டு இலக்கங்களையும் வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

வலை இறக்குமுன் ஆழமற்ற ஓரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மண்ணில் சோற்றுத் தட்டை அழுத்தி எடுத்தாற்போல் வட்ட வட்டமாகக் குழிகள் தெரிந்தால், அவை ஆண் திலாப்பியா தோண்டியவை. பெண் மீன் முட்டையை அங்கே இட்டு, வாயில் வாரிக்கொண்டு, ஏறக்குறைய இரண்டு வாரம் இரையைக்கூட மறந்து காக்கும். வலையில் அகப்பட்டால் திமிறி அத்தனையையும் துப்பிவிடும். அந்தக் குழிகள் இருக்கும் ஓரத்தை விட்டு, வலையை ஆழத்தின் பக்கம் இறக்குங்கள்.