டேஷ் கேமராவை எப்படிப் பொருத்தியிருக்கிறீர்கள்?

எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி குறுக்கே வெட்டியதில் முன்பக்கம் நசுங்கிய ஒரு காரைப் போன வாரம் மதிப்பிடச் சென்றேன். "கேமரா இருக்கிறது சார், எல்லாம் பதிவாகியிருக்கும்" என்றார் உரிமையாளர். போட்டுப் பார்த்தோம். மோதலுக்கு முன்பே ஒரு பள்ளத்தில் குலுங்கிக் கேமரா கழன்று விழுந்திருக்கிறது. அதன்பின் தெரிந்ததெல்லாம் கால்மிதியும் பிரேக் பெடலும்தான். மோதலின் சத்தம் மட்டும் கேட்டது.

காப்பீட்டு சர்வேயராக ராயபுரம் முதல் மணலி வரை இதே கதையைக் கேட்டு அலுத்துவிட்டது. கேமரா வாங்கும்போது எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி, "4கே உண்டா?" என்பதுதான். அதாவது, படம் மிகத் துல்லியமாக வருமா என்று. எதில் ஒட்டுகிறது, எங்கே ஒட்டுகிறது என்று கேட்பவர் அரிது. ஆடும் கேமராவில் 4கே இருந்து என்ன பயன்? இரவில் வெளிச்சம் குறைவதால் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அது அதிர்ந்தால் நம்பர் பிளேட்டின் எழுத்துகள் ஒன்றோடொன்று இழுபட்டுப் போகும். பிறகு எவ்வளவு பெரிதாக்கினாலும் எண் கிடைக்காது. அசையாமல் நிற்கும் சாதாரணக் கேமராவின் பதிவை வைத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளை முடித்திருக்கிறேன்.

இதை அந்தக் காலத்து ஆட்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 1907இல் வில்லியம் ஹார்பெக் கனடாவின் வான்கூவர் தெருக்களை டிராம் வண்டியின் முன்பக்கத்திலிருந்து கையால் சுழற்றும் கேமராவில் படம் பிடித்தார். 1939இல் கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைக் காவலர் ஒருவர், விதி மீறுபவர்களைப் படம் பிடிக்க டேஷ்போர்டிலேயே சினிமா கேமராவைப் பொருத்தினார். 1960களின் கடைசியில் கனெக்டிகட் காவல் வண்டியில் வீடியோ கேமரா வந்தபோது, அதன் பதிவுக் கருவி பின் இருக்கையை அடைத்துக்கொண்டது. அந்தக் கனத்தை இறுக்கிப் பொருத்தாமல் வண்டியை நகர்த்தியிருக்கவே முடியாது. கேமரா உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கியதும், பொருத்துவதில் நமக்கிருந்த அக்கறையும் போய்விட்டது.

கண்ணாடியில் அழுத்தி ஒட்டும் ரப்பர் உறிஞ்சியை (சக்‌ஷன் கப்) நம்பாதீர்கள். வெயிலில் நிறுத்தும் வண்டியில் அது விறைத்துப்போய்ப் பிடிப்பை விட்டுவிடும். டபுள் சைடு டேப் வகையே மேல். கடற்காற்றின் உப்பும் துறைமுகச் சாலையின் தூசியும் கண்ணாடியில் படிந்திருக்கும். ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு அழுத்தி ஒட்டுங்கள். நல்ல டேப்புக்கு முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும். தாங்கியை ஒட்டிய கையோடு அதில் கேமராவை மாட்டாதீர்கள், ஒரு நாளாவது விடுங்கள்.

இடம்: முன் கண்ணாடியில், பின்னால் வருவதைக் காட்டும் உள் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநரின் பார்வையை மறைக்காமல், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள்.

வயர் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். முன் கண்ணாடியின் ஓரத் தூணில் ஏர்பேக் என்று பொறித்திருந்தால், அதன் மேலாக வயரை இழுக்க விடாதீர்கள். பை விரியும்போது வயர் குறுக்கே கிடக்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் வேலையை முடிக்கிற கடைக்காரர் இதைப் பார்ப்பதில்லை. பைக்குப் பின்னால் வயரைக் கொண்டுபோகத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

விபத்து நடந்தால் முதலில் கேமராவை அணைத்து மெமரி கார்டைக் கழற்றுங்கள். ஓடவிட்டால் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். வழக்கு என்று வந்தால் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி அந்தப் பதிவுக்குச் சான்றிதழும் தேவைப்படும். அதனால் எனக்கு நகலைக் கொடுங்கள். கார்டு உங்களிடமே இருக்கட்டும்.