எம்சிபிக்குத் தெரியாத சூடு

கீசர் போட்டால் சுவிட்ச் போர்டு பக்கம் லேசாகக் கருகல் வாடை அடிக்கும். எம்சிபி, அதாவது ஆபத்தில் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச், விழாது. விழவில்லையே, பயமில்லை என்று அதே சுவிட்சை மாதக்கணக்கில் போட்டு அணைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். சுவிட்சின் ஸ்குரு தளர்ந்து, அந்த ஒரு இடத்தில் அரை ஓம் தடை ஏறினால் 8.7 × 8.7 × 0.5, ஏறக்குறைய 38 வாட் சூடு. அதுவும் மிளகு அளவு இடத்தில்! சால்டரிங் அயர்ன் 25 வாட்டிலேயே ஈயத்தை உருக்கிவிடுகிறது. தடை ஏறினால் கரண்ட் சற்றுக் குறையுமே தவிர, அதிகமாகாது. கரண்ட் கூடினால் விழுவதற்காக வைத்த எம்சிபி எதற்கு விழும்? எர்த்துக்கும் கசிவு இல்லை என்பதால் கசிவைக் கண்டால் விழும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் சும்மாதான் இருக்கும்.

லூஸ் கான்டாக்ட் தானாக வருவதில்லை, பெரும்பாலும் மாட்டும்போதே வந்துவிடுகிறது. சுவிட்சின் ஓட்டைக்குள் ஒயர் நுழையவில்லை என்று பாதி இழைகளை வெட்டிவிடுவார்கள். ஸ்குரு செம்பைப் பிடிக்காமல் ஒயரின் தோலைப் பிடித்திருக்கும். தடித்த ஒயரையும் மெல்லிய ஒயரையும் ஒரே டெர்மினலில் திணித்தால் தடித்ததுதான் இறுகும், மெல்லியது ஆடும்.

சரிசெய்ய, மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே போர்டைத் திறக்க வேண்டும். கறுத்த செம்பைச் சுரண்டிப் பயனில்லை. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி எடுங்கள். டெர்மினல் ஆழத்துக்கு மட்டும் தோலை உரித்து, இழைகளை முறுக்கி, பின் லக் (ஒயர் முனையில் மாட்டும் குச்சி போன்ற உலோக முனை) போட்டு அழுத்தி, ஸ்குருவை இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு ஒயரையும் கையால் இழுத்துப் பாருங்கள். சூடு கண்ட சுவிட்சை மறுபடி மாட்டவே கூடாது. உள்ளே இருக்கும் தகட்டின் விறைப்பு போயிருக்கும். கீசருக்கு 2.5 சதுர மி.மீ. ஒயருக்குக் குறையக் கூடாது, 4 இன்னும் நல்லது. போர்டைத் திறந்த கையோடு, சுவிட்ச் பேஸ் ஒயரில்தான் (கரண்ட் வரும் ஒயர்) இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் ஒயர்) இருந்தால் அணைத்த பிறகும் கீசரில் கரண்ட் இருக்கும்.

வண்டியில் 12 வோல்ட்தானே என்று அலட்சியம் அதிகம். ஆனால் சூட்டை உண்டாக்குவது கரண்ட். 55 வாட் பாக் லைட் (பனி விளக்கு) இரண்டு போட்டால் 9.2 ஆம்பியர், அதாவது அந்தக் கீசரைவிடச் சற்று அதிகம். இதை நேரே சுவிட்ச் வழியாக ஓட்டினால் சுவிட்ச் உருகும். அதனால் சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கும் ரிலே வேண்டும். 4 பின் ரிலேவில் 30-ஆம் பின்னுக்கு பேட்டரி பாசிட்டிவ், 87-இலிருந்து லைட்டுக்கு, 86-க்கு சுவிட்ச், 85-க்கு பாடி எர்த். ரிலேவுக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) இழுப்பது 0.2 ஆம்பியருக்குள்தான் என்பதால் சுவிட்ச் பிழைக்கும். 15 ஆம்பியர் பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பியூஸுக்கு முன்னால் ஒயர் உரசி பாடியில் பட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை. லைட்டுக்குப் போகும் ஒயர் 2.5 சதுர மி.மீ. போடுங்கள். 0.5 ஒயர் 3 மீட்டர் ஓடினால் ஏறக்குறைய ஒரு வோல்ட் வழியிலேயே போய்விடும், வெளிச்சத்தில் கால் பங்கு காணாமல் போகும்.

வண்டியில் அதிகம் கெடுவது எர்த். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே மினுக்குகிறதா? பல்பையும் பிளாஷரையும் மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். எர்த் துருவேறியதால் கரண்ட் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பிப் போக முயல்கிறது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, லைட்டை எரியவிட்டு, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறு முனையை லைட்டின் எர்த் ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் ரிங் லக் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் எஞ்சின் பக்கம் அறவே வேண்டாம். சூட்டில் பசை இளகி டேப் அவிழும், அதிர்வில் முறுக்கு தளரும். லக் வைத்துக் கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி), மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் ஏற்றுங்கள். பத்து நிமிடம் லைட் எரிந்த பிறகு அணைத்துவிட்டு ஜாயின்ட்டையும் ரிலே சாக்கெட்டையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்த இடத்தைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியதுதான்.