லோகோ: சின்னமா, முத்திரையா, இலச்சினையா?

காசிமேட்டில் கருவாடு வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் லோகோ கேட்டு வந்தார். மீன் ஒன்று வளைந்து அவர் பெயரின் முதலெழுத்தாக மாறுவதுபோல் வரைந்து காட்டினேன். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவர் பார்த்ததும் தள்ளிவிட்டார். "மீனு வாணாம் தம்பி. அங்க எல்லாப் பொட்டியிலயும் மீனுதான கீது. எது என் பொட்டின்னு தெரியணும்."

வண்ணாரப்பேட்டையில் கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் எனக்கு அன்றுதான் லோகோ என்ற சொல்லைத் தேடிப் பார்க்கத் தோன்றியது.

கிரேக்கத்தில் லோகோஸ் என்றால் சொல், பேச்சு. டைபோஸ் என்றால் அழுத்திப் பதித்த தடம். இரண்டும் சேர்ந்த லோகோடைப், 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சுக்கூடங்களில் புழங்கிய பெயர். அடிக்கடி வரும் சொல்லை ஒவ்வொரு எழுத்தாகக் கோக்காமல், மொத்தமாக ஒரே அச்சாக வார்த்து வைத்துக்கொள்வார்கள், அதுதான் லோகோடைப். 1930களில் அது லோகோ என்று சுருங்கியது. ஆக, பிறப்பில் லோகோ படமே இல்லை, சொல்.

பிராண்ட் வேறு. அதன் வேர்ப்பொருள் நெருப்பு, கொள்ளி. மாட்டுக்குப் போடும் சூடும் அதே சொல்தான். இதற்குத் தமிழ் தேடி ரொம்ப அலைய வேண்டாம். "அந்தக் கடைக்குப் பேரு இருக்கு" என்கிறோமே, அந்தப் பேர்தான் பிராண்ட். அதைப் பார்த்த மாத்திரத்தில் நினைவுக்குக் கொண்டுவரும் குறிதான் லோகோ.

1950களில் திருவொற்றியூருக்கு வந்த ராயல் என்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இலச்சினையில் ஒரு பீரங்கி இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கும் பீரங்கிக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்களுக்கு, என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்யும் வேலை கிடைத்தது. 1893இல் அந்த ஊர்ப்பெயரையே தங்கள் வண்டிக்கும் வைத்தார்கள். துப்பாக்கிபோல் செய்தது என்று விளம்பரமும் கொடுத்தார்கள். வண்டிப் படம் போடாமல், வண்டி எவ்வளவு நேர்த்தி என்று சொல்லும் படத்தைப் போட்டார்கள். அக்கா மீனைத் தள்ளிய கதைதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சின்னம் என்றால் வடசென்னையில் யாருக்கும் தேர்தல்தான் நினைவுக்கு வரும். முத்திரை என்றால் ரப்பர் ஸ்டாம்ப். வண்ணான் குறி என்று ஒன்று உண்டு. சேங்கொட்டைச் சாற்றால் துணியின் உள்பக்கம் இடும் புள்ளியும் கோடும், எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. எங்கள் பேட்டையின் பெயருக்கே பொருத்தமான சொல், ஆனால் அது துணி மாறிப்போகாமல் இருக்க வெளுப்பவர் தனக்காக இட்டுக்கொள்வது. வாங்க வருபவருக்கானது இல்லை. மிஞ்சுவது இலச்சினை. லாஞ்சனம் என்ற வடசொல்லின் உறவு. இலங்கைத் தமிழர் லோகோவுக்கு இதைத்தான் சாதாரணமாக எழுதுகிறார்கள். என் ஓட்டும் இதற்கே.

சங்க காலத்துச் சொல் வேண்டுமென்றால் பொறி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் மூட்டைகளில் சோழனின் அடையாளத்தைப் பதித்ததைப் பட்டினப்பாலை "புலி பொறித்து" என்கிறது. ராயபுரம் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புலி நினைவுக்கு வரும். ஆனால் இன்றைக்குப் பொறி என்றால் எலிப்பொறி, தீப்பொறி. கேட்கிறவர் குழம்பிவிடுவார்.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒரு சொல். புகார் நகரத்துப் பண்டகசாலையில் வியாபாரிகள் "தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப்" பதித்த பொதிகள் குவிந்திருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. படம் இல்லாமல் பெயரையே குறியாக்கும் லோகோவுக்குக் கண்ணெழுத்து என்று தாராளமாக வைக்கலாம். அச்சுக்கூடத்து லோகோடைப்புக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் கிடையாது.

அக்காவுக்கும் கடைசியில் கண்ணெழுத்துதான் செய்து கொடுத்தேன். எழுத்து வெட்டிய தகட்டைப் பெட்டிமேல் வைத்து பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பதால் ஒரே நிறம். இன்னொரு தொல்லை, நம் எழுத்தில் இருக்கும் சுழிகள். தகட்டில் வெட்டினால் சுழிக்கு உள்ளே இருக்கும் துண்டு கழன்று விழுந்துவிடும். ஒவ்வொரு சுழியிலும் ஒரு சின்ன இடைவெளி விட்டு வரைந்தேன். முதலெழுத்தின் கொம்பை மட்டும் இழுத்து, பெயர் முழுவதற்கும் மேலே குடைபோல் வளைத்துவிட்டேன். லோடு ஏற்றுகிறவர்கள் இப்போது அதைக் "கொம்புப் பொட்டி" என்கிறார்களாம்.