செங்கடல் பிளந்த தொட்டி

பைபிளின் யாத்திராகமம் 14ஆம் அதிகாரத்தில் செங்கடல் பிளக்கும் இடம் ஒருசில வசனங்களில் முடிந்துவிடுகிறது. மோசே கையை நீட்டுகிறார். இரவு முழுவதும் கிழக்கிலிருந்து பலமான கீழ்காற்று அடிக்கிறது. கடல் ஒதுங்கித் தரை காய்கிறது. எகிப்திலிருந்து தப்பி வரும் இஸ்ரவேலர் நடந்து போகையில் வலமும் இடமும் தண்ணீர் மதிலாக நிற்கிறது. படிக்கிறவருக்கு இவ்வளவு போதும். மதில் எத்தனை அடி உயரம், அதன் விளிம்பு எப்படி இருந்தது என்று வேதம் சொல்லவில்லை, நாமும் கேட்பதில்லை. ஆனால் படம் எடுக்கிறவர் இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருந்தே ஆக வேண்டும். வேதத்தைத் திறந்தே பார்க்காத ஒருவர் தியேட்டரில் உட்கார்ந்திருப்பார். வசனம் தெரியாத அவருக்கும் காட்சி பிடிபட வேண்டும். இரவெல்லாம் வீசிய காற்றைக் காட்ட நேரமும் கிடையாது. அதனால் பெரும்பாலான இயக்குநர்கள் காற்றை விட்டுவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டார்கள். கஷ்டம் என்னவென்றால், தண்ணீரை மதிலாக நிற்க வைப்பதைவிட, ஸ்டூடியோத் தொட்டியில் விட்ட தண்ணீரைக் கடல் என்று நம்ப வைப்பது கடினம்.

ஹாலிவுட் இயக்குநர் செசில் பி. டெமில் இந்தக் காட்சியை இரண்டு முறை எடுத்தார். இரண்டு படங்களுக்கும் பெயர் 'தி டென் கமாண்ட்மெண்ட்ஸ்' தான். 1923இல் வந்தது மௌனப் படம். அதில் தந்திரக் காட்சிகளைக் கவனித்த ராய் பாமராய் தண்ணீர் மதிலுக்குப் பயன்படுத்தியது ஜெலட்டின். கடற்பரப்பு போல வடித்த ஜெலட்டின் பாளத்தை நெருக்கத்தில் படம் பிடித்து, மக்கள் நடந்து போகும் காட்சியோடு சேர்த்துவிட்டார்கள். அருமையான யோசனை அது. விலங்குகளின் தோல், எலும்பில் இருக்கும் கொலாஜன் புரதத்திலிருந்து ஜெலட்டின் எடுக்கிறார்கள். வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் அதன் நீளமான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகும். தண்ணீர் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்ளும். எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால் வெளிச்சம் பட்டால் தண்ணீரைப் போலவே மினுங்கும். ஆனால் வெட்டிய இடத்தில் செங்குத்தாக நிற்கும், லேசாகத் தட்டினால் நடுங்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அது போதுமாக இருந்தது.

1956இல் கலரும் அகன்ற திரையும் வந்துவிட்டன, ஜெலட்டின் செல்லாது. இந்த முறை தந்திரக் காட்சிப் பொறுப்பு ஜான் பி. ஃபுல்டனுக்கு. 1933இல் 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் ஆளில்லாத சட்டையை நடக்க வைத்தவர் அவர். பாரமவுண்ட் ஸ்டூடியோவின் பின்வளாகத்தில், நடுவில் 'U' வடிவப் பள்ளம் கொண்ட பிரமாண்டமான தொட்டி ஒன்றைக் கட்டினார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் சுமார் 3,60,000 காலன், நம் கணக்கில் 13 லட்சம் லிட்டருக்கும் மேல், தண்ணீரைப் பள்ளத்துக்குள் திறந்துவிட்டுப் படம் பிடித்தார்கள். பிறகு அந்தப் பிலிமைப் பின்னோக்கி ஓட்டினார்கள். இரண்டு பக்கமும் பாய்ந்து நடுவில் மோதிய தண்ணீர், இப்போது நடுவிலிருந்து கொந்தளித்து விலகிப் பக்கவாட்டில் ஏறியது. கடல் பிளந்துவிட்டது!

பின்னோக்கி ஓட்டினால் ஏன் பொய் என்று தெரிவதில்லை? மேலே எறிந்த கல்லின் படத்தை எந்தத் திசையில் ஓட்டினாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. உராய்வு இல்லாத இயக்கத்துக்கு முன், பின் என்ற பேதமில்லை. தண்ணீர் அப்படியல்ல. மோதிச் சிதறும்போது ஆற்றல் சுழல்களாகவும் நுரையாகவும் வெப்பமாகவும் வீணாகிறது, அது திரும்பி வராது. சிதறிய துளிகள் ஒன்றுகூடி அலையாவதை யாராவது கூர்ந்து பார்த்தால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் கடல் பிளப்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, ஒப்பிட்டுப் பார்க்க மனதில் எதுவும் இல்லை. இயற்கைக்கு மாறான அந்த அசைவுதான் காட்சிக்குத் தேவையாகவும் இருந்தது. குறை என்று ஒதுக்க வேண்டியதை அற்புதமாக மாற்றிய இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

சரி, தொட்டியில் குறைந்த உயரத்திலிருந்து விழும் தண்ணீர் திரையில் எப்படி மலையளவு ஆகும்? இங்கேதான் இயற்பியல் கையைக் கட்டிப்போடுகிறது. 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஏறக்குறைய 2 விநாடி ஆகும். அதையே பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கி 1.25 மீட்டர் மாதிரி செய்தால், அரை விநாடியில் விழுந்துவிடும். உயரம் 16 மடங்கு குறைந்தால் நேரம் 4 மடங்குதான் குறைகிறது, அதாவது வர்க்கமூலக் கணக்கு. நம் கண் இதைக் கணக்குப் போடாமலே கண்டுபிடித்துவிடும்: சடக்கென்று விழுந்தால் சின்னது, நிதானமாக விழுந்தால் பெரியது. ஆகவே விநாடிக்கு 24 படம் ஓடும் திரைக்கு, விநாடிக்கு 96 படம் எடுத்தால் கணக்கு சரியாகிவிடும். கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துச் சோதித்த 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூடின் பெயரால் வழங்கும் விதி இது.

நேரத்தை இப்படி நீட்டிவிடலாம், துளியை என்ன செய்வது? தண்ணீர்த் துளியின் அளவைப் பரப்பு இழுவிசை, அதாவது நீரின் மேற்பரப்பைத் தோல் போல இழுத்துப் பிடிக்கும் விசை, தீர்மானிக்கிறது. தொட்டி சின்னதானாலும் துளி சின்னதாகாது. பதினாறில் ஒரு பங்கு மாதிரியில் தெறிக்கும் 3 மில்லிமீட்டர் துளி, திரையில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரியும். கடல் அலையில் எங்காவது எலுமிச்சம்பழம் தெறிக்குமா? பழைய படங்களில் கப்பல் மூழ்கும் காட்சி பொம்மைக் கப்பல் என்று பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் இந்தத் துளிதான். இழுவிசையைக் குறைக்கச் சோப்பு மாதிரியான பொருட்களைக் கலந்து பார்ப்பவர்கள் உண்டு. உறுதியான வழி ஒன்றுதான்: மாதிரியை முடிந்தவரை பெரிதாகக் கட்டுவது. 13 லட்சம் லிட்டர் வெறும் ஆடம்பரம் இல்லை என்பது இதை யோசித்தால் புரியும்.

பிளந்த பிறகு நிற்கும் மதில்களுக்குத் தொட்டி உதவாது. அதே வளாகத்தில் ஒரு செயற்கை அருவியைக் கட்டி, அதில் கொந்தளிக்கும் தண்ணீரைப் படம் பிடித்தார்கள். அப்புறம் எகிப்தில் செங்கடல் கரையில் எடுத்த காட்சிகள், மேகம், பிறகு வேறு பின்னணி சேர்ப்பதற்காக நீலத்திரைக்கு முன்னால் நிற்கும் ஆட்கள் என்று எல்லாம் தனித்தனிப் பிலிம். இவற்றை ஒன்றாக்கியது பால் லெர்பேயின் ஆப்டிகல் பிரிண்டர். ஒரு புரொஜெக்டரும் ஒரு கேமராவும் எதிரெதிரே பார்த்து நிற்கும் இயந்திரம் அது. ஆளின் உருவத்துக்கு மட்டும் கறுப்பு மறைப்பு வைத்து முதலில் பின்னணியைப் பதிவார்கள். பிலிமைத் திருப்பிச் சுற்றி, இப்போது பின்னணியை மறைத்து, காலியாக விட்ட இடத்தில் ஆளைப் பதிவார்கள். பிலிமில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும் இப்படி. தண்ணீரும் தரையும் சேரும் ஓரங்களில் ஒட்டுத் தெரியாமலிருக்க ஜான் டொமேலா பாறைகளை வரைந்து மறைத்தார். கடல் பிளக்கும் இந்த ஒரு நிகழ்வுக்கு மட்டும் ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது.

பிலிமைப் படியெடுக்கும்போதெல்லாம் புள்ளிகள் கூடும், கூர்மை குறையும். அதைத் தாங்க மூலப் பிலிமில் விவரம் தாராளமாக இருக்க வேண்டும். படம் எடுத்த விஸ்டாவிஷன் முறையில் 35 மில்லிமீட்டர் பிலிம் கேமராவுக்குள் படுக்கைவாட்டில் ஓடும், பிலிமை நகர்த்த ஓரத்தில் இருக்கும் துளைகளில், ஒரு படத்துக்கு 4 துளைக்குப் பதில் 8 துளை இடம் கிடைக்கும். அதனால் பரப்பு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியும் ஆட்களைச் சுற்றி மெல்லிய நீலக் கோடு சில இடங்களில் தெரியும். பறக்கும் முடியையும் புகையையும் கறுப்பு மறைப்பால் துல்லியமாகப் பின்தொடர முடியாது. சில ஆண்டுகளில், 1959இன் 'பென்-ஹர்' படத்துக்காக, பெட்ரோ விளாஹோஸ் நீல, பச்சை நிறங்களின் வித்தியாசத்திலிருந்தே மறைப்பை உருவாக்கும் வழியைக் கண்டுபிடித்து அந்தக் கோட்டைப் பெரிதும் குறைத்தார். இருந்தாலும் ஃபுல்டனுக்குக் கிடைத்த ஆஸ்கர் முழுக்க நியாயமானது.

இன்று தொட்டிக்குப் பதில் கணினி. நீரோட்டத்தை விவரிக்கும், நேவியே, ஸ்டோக்ஸ் இருவரின் பெயர் தாங்கிய 19ஆம் நூற்றாண்டுச் சமன்பாடுகளை வைத்து, இடத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுகிறார்கள். இங்கேயும் துளிதான் தொல்லை. தொட்டியில் துளி அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிந்தது. கணினியில் கட்டத்தைவிடச் சின்னத் துளி இருக்கவே இருக்காது. சாரலையும் நுரையையும் லட்சக்கணக்கான தனித் துகள்களாகப் பிறகு சேர்க்கிறார்கள். அவை சேராத கடல், உருகிய கண்ணாடி போல வழவழவென்று இருக்கும்.

இதற்கிடையில் விட்டுப்போன அந்தக் கீழ்காற்றை எடுத்துப் பார்த்தவர்கள் விஞ்ஞானிகள். 2010இல் அமெரிக்காவின் கார்ல் ட்ரூஸ், வெய்சிங் ஹான் இருவரும் கணினி மாதிரி ஒன்றை வெளியிட்டார்கள். களம், நைல் கழிமுகத்தின் கிழக்கே பழங்காலத்தில் ஆற்றின் கிளையொன்று ஆழமில்லாத ஏரியில் கலந்த வளைவு. சுமார் 2 மீட்டர் ஆழத் தண்ணீர் மீது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 12 மணி நேரம் கீழ்காற்று வீசினால், மேற்பரப்பை உரசி உரசி நீரை மேற்கே தள்ளும். வளைவின் இரு பக்கமும் நீர் ஒதுங்கி, 3 முதல் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு வழி திறந்து ஏறக்குறைய 4 மணி நேரம் நிற்கும். காற்றின் இந்தத் தள்ளு அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆழம் கூடக் கூட விளைவு குறையும். ஆழ்கடலில் இது நடக்காது. அற்புதம் நடந்ததா என்ற கேள்விக்கு இது பதிலில்லை. அப்படிப்பட்ட காற்று அப்படிப்பட்ட நீரை என்ன செய்யும் என்பதற்கு மட்டும் பதில்.

2014இல் ரிட்லி ஸ்காட் 'எக்சோடஸ்: காட்ஸ் அண்ட் கிங்ஸ்' படத்தில் மதிலைக் கைவிட்டார். சுனாமிக்கு முன் கடல் உள்வாங்குவது போலத் தண்ணீர் வடிகிறது, பிறகு பேரலையாகத் திரும்பி வருகிறது. இயற்கைக்கு நெருக்கமான தேர்வுதான். ஆனால் அவரும் இரவெல்லாம் வீசும் கீழ்காற்றைக் கடலைப் பிளக்க வைக்கவில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது. ஏனென்றால் போகிறவர்கள் கிழக்கு நோக்கிப் போகிறார்கள், கீழ்காற்று முகத்தில் அடிக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றுக்கு எதிரே, இருட்டில், குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் இழுத்துக்கொண்டு நடப்பவர்களுக்கு மோசேயின் குரல்கூடக் கேட்காது. ஒருவர் முதுகைப் பார்த்து இன்னொருவர் குனிந்து நடக்க வேண்டியதுதான். இன்றைய ஸ்டூடியோக் காற்றாடிகளும் கணினியும் இந்தக் காட்சிக்குத் தாராளமாகப் போதும். அதை ஒரு நாள் பெரிய திரையில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.