ரீகர்வ் மடக்குக் கத்தி: கயிற்றுக்கு நல்லது, ஒட்டுக்கு ஆகாது

மடக்குக் கத்தியில் ரீகர்வ் என்று ஒரு வகை உண்டு. பிடிக்குப் பக்கத்தில் கூர் உள்ளே குழிந்து, முனைப்பக்கம் வெளியே புடைத்திருக்கும். நேபாளத்துக் குக்ரியின் வடிவமும் இதுதான். கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வேலைக்கு வாங்குகிறவர், அந்த வளைவு என்ன செய்கிறது என்று தெரிந்து வாங்குவது நல்லது.

நேரான கத்தியால் கயிற்றை இழுத்து அறுத்தால் கயிறு முனைப்பக்கமாக வழுக்கும். குழிவு இருந்தால் அதிலேயே சிக்கி நிற்கும். கதிர் அரிவாள் நெல் தாளைப் பிடித்துக்கொள்வதும் இப்படித்தான். குழிவைத் தாண்டிப் புடைப்பில் ஏறும் இடத்தில் கூர் சாய்வாகப் படுகிறது. சாய்வாக இழுபடும்போது கூரின் கோணமே சிறுத்த மாதிரி ஆகிவிடும். 30 டிகிரிக்குத் தீட்டிய கத்தி, 45 டிகிரி சாய்வில் இழுத்தால் சுமார் 21 டிகிரிக் கத்தியைப் போல இறங்கும். சொட்டுநீர்க் குழாய், சாக்கு, கொடி எல்லாம் இதற்குச் சுலபம். புடைப்பையும் மூடி மறைக்க வேண்டியிருப்பதால் பிடி மட்டும் அகலமாகிவிடும், பையில் துருத்தும்.

சந்தூர் நாற்றுப்பண்ணைகளில் செய்வது போல மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்ட இந்தக் கத்தி சரிப்படாது. ஒட்டுக்குச்சியின் அடியை இரண்டு பக்கமும் சீவி ஆப்பாக்கி, வேர்க்கன்றின் பிளவில் செருக வேண்டும். பட்டைக்கு அடியில் உள்ள மெல்லிய வளர்திசு இரண்டிலும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும். சீவும்போது கத்தியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கிறோம். கூர் வளைந்திருந்தால், அந்தச் சாய்வில் வளைவு மேடும் பள்ளமுமாகக் குச்சியில் பதியும். இடைவெளி விழுந்த இடத்தில் திசு காய்ந்துவிடும். ஒட்டுக்கு நேர்க்கூர்க் கத்தியைத் தனியாக வைத்துக்கொள்வதே சரி.

அப்புறம் சாணை. தட்டையான கல்லில் குழிவின் இரண்டு ஓரமும்தான் படும், நடு மழுங்கியே கிடக்கும். விடாமல் தேய்த்தால் புடைப்பு கரைந்து, காசு கொடுத்து வாங்கிய வடிவமே போய்விடும். அதனால் குழிவு லேசாக உள்ள கத்தியையே எடுங்கள். தீட்டுவதற்கு, குழிவுக்குள் நன்றாக உட்காரும் உருளைக் குச்சியில் 600 நம்பர் உப்புத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், கடைசியில் 1000 நம்பர். முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வரும்படி இழுக்க வேண்டும். கூரை முன்னால் தள்ளினால் தாள் கிழியும்.