அமைச்சரவை ‘மறுசீரமைப்பு’: இதில் சீர் எங்கே?

நான்கு அமைச்சர்களை இடம் மாற்றினால் போதும், நாளிதழ்த் தலைப்பிலும் தொலைக்காட்சியின் ஓடும் வரியிலும் ‘அமைச்சரவை மறுசீரமைப்பு’ வந்துவிடுகிறது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இதற்கு மூலமான ஆங்கிலத்து ‘ரீஷஃபிள்’ சீட்டாட்டச் சொல். நாமும் சீட்டைக் கலைத்துத்தான் போடுகிறோம். ஆனால் அமைச்சரவைக்குக் ‘கலைப்பு’ ஒத்துவராது. 1976, 1991 ஆட்சிக் கலைப்புகளைக் கண்டவர்கள் நாம். சிம்மக்கல் டீக்கடையில் ஒருவர் ‘அமைச்சரவை கலைத்துப்போடப்பட்டது’ என்று உரக்க வாசிக்க, “ஆட்சியே போய்விட்டதா?” என்று எதிர்ப் பெஞ்சுப் பெரியவர் எழுந்தே விட்டார்.

சரி, சீரமைப்புக்கு வருவோம். சீர்குலைந்ததைச் செப்பனிடுவதுதான் சீரமைப்பு. கண்மாய் மடையைச் சீரமைக்கலாம், வைகைக் கரைச் சாலையைச் சீரமைக்கலாம் (சீரமைத்தால் நல்லது). அமைச்சரை மாற்றியதால் சீர் வந்ததா என்பது வாசகர் முடிவு செய்ய வேண்டியது. ஆள்வோரின் பாராட்டைச் செய்தியாளர் ஏன் சுமக்க வேண்டும்? 2023 மே மாதம் மதுரை மத்தி எம்.எல்.ஏ. பழனிவேல் தியாகராஜனிடமிருந்து நிதித்துறை தங்கம் தென்னரசுவிடம் போனது. தியாகராஜனுக்குத் தகவல் தொழில்நுட்பத்துறை வந்தது. அதைச் சீரமைப்பு என்று மதுரையில் சொல்லிப் பாருங்கள், பாதிப்பேர் சண்டைக்கு வருவார்கள்.

அதுவாவது ஒரே கட்சியின் அமைச்சரவை, முதல்வர் நினைத்தார், மாற்றினார். கூட்டணி அமைச்சரவையில் இந்தச் சொல் இன்னும் அபத்தம். பிரதமரின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவர் அமைச்சர்களை நியமிப்பார் என்கிறது அரசியலமைப்பின் 75ஆம் பிரிவு. நடப்பில் பெயரைத் தருவது தோழமைக் கட்சித் தலைமை. 2012 மார்ச்சில் ரயில்வே அமைச்சர் தினேஷ் திரிவேதி பயணக் கட்டணத்தை உயர்த்தினார். அவருடைய கட்சித் தலைவர் மம்தா பானர்ஜிக்கே அது பிடிக்கவில்லை. திரிவேதி விலக, அதே கட்சியின் முகுல் ராய் வந்தார். ரயில்வேயின் வரவு செலவைச் சீராக்கப் பார்த்தவரை அனுப்பியதற்கா சீரமைப்பு என்று பெயர்?

‘விரிவாக்கம்’ என்று எழுதுவோரும் உண்டு. அது ஆள் கூட்டுவது, வேறு வேலை. அதுவும் 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தத்துக்குப் பிறகு மக்களவை உறுப்பினர்களில் 15 சதவீதம், அதாவது 81 பேர்தான் உச்சவரம்பு. கோபித்துக்கொண்ட கட்சிக்கெல்லாம் நாற்காலி போட முடியாது.

ஆட்களும் துறைகளும் மாறினால் ‘அமைச்சரவை மாற்றியமைப்பு’, துறை மட்டும் கைமாறினால் ‘துறை மாற்றம்’. இவ்வளவுதான் தேவை. ‘இலாகா’ உருதுவழி வந்தது, தூக்கி எறியுங்கள் என்பார்கள் தனித்தமிழ் நண்பர்கள். எனக்கும் ‘துறை’தான் பிடிக்கும். ஆனால் ‘இலாக்கா’வுக்கு உருதுவில் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி என்று பொருள். ஒரு துறையைத் தன் பட்டா நிலமாகவே கருதும் தோழமைக் கட்சியைப் பற்றி எழுதும்போது, அந்தச் சொல்லை விட மனம் வரவில்லை.

இன்னொன்று: கூட்டணி ஆட்சியைக் ‘கூட்டாட்சி’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் பெருகிவிட்டார்கள். கூட்டாட்சி மத்திய, மாநில அதிகாரப் பகிர்வு பற்றியது. ஒரே கட்சி தனித்து ஆண்டாலும் அது இருக்கும்.